கார் ஓடாவிட்டால் பாட்டரி சாகும்!

இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தக் காட்சியைக் காணலாம்.

குளிர் காலம் முடிந்திருக்கும். வெயில் இலேசாகத் தலை காட்டும். ஒரு வீட்டின் ஷெட் கதவு திறக்கும். உள்ளே போர்வை போர்த்தி நிறுத்திய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்.

சொந்தக்காரர் போர்வையை நீக்குவார். தூசியைத் தட்டுவார். பக்கத்து இருக்கையில் மனைவி ஏறி அமர்வார். மடியில் சாப்பாட்டுக் கூடை. பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

சாவியைத் திருப்புவார்.

'டிக்!'

அவ்வளவுதான். கார் கிளம்பாது.

"பாட்டரி மோசம்! போன வருஷம்தானே வாங்கினோம்?" என்று கோபத்துடன் கடைக்குப் போவார். முன்பு இருந்ததைவிடப் பெரிய பாட்டரியாகப் பார்த்து வாங்கி வருவார். அன்று கார் கிளம்பிவிடும். அடுத்த மார்ச் மாதம் மறுபடியும் அதே 'டிக்'!

குற்றம் யாருடையது? பாட்டரியுடையதா? பெரும்பாலும் இல்லை. அந்தப் பாட்டரி உழைத்துச் சாகவில்லை. சும்மா இருந்தே செத்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் புதிய பாட்டரிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்குச் செலவிட்டால், இந்த ஆண்டுச் சடங்கு நின்று போகும்.

எம்.ஜி. என்றால் யார்?

எந்தக் காரை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கதை பொருந்தும். என்றாலும் ஒரு காரை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். அதுதான் 'எம்.ஜி.பி.'

எம்.ஜி. என்றதும் தமிழர்களுக்கு வேறொருவர் நினைவு வரும்! இந்த எம்.ஜி., 'மாரிஸ் காரேஜஸ்' என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில், 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. கார்கள் தயாராயின. 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும் பகுதி கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போயிற்று. 1980-ல் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இன்று இந்தியாவில் எம்.ஜி. என்ற பெயரில் ஓடும் கார்கள் வேறு. பெயர்தான் ஒன்று.

எம்.ஜி.பி. பெரிய பணக்காரர்களின் கார் அல்ல. சம்பளக்காரரும் ஆசைப்பட்டு வாங்கக்கூடிய கார். அதனால்தான் இன்றும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அது இருக்கிறது. அப்பா ஓட்டியதை மகன் ஓட்டுகிறான். வேலை முடிந்த நேரத்தில் அவனே பழுது பார்க்கிறான்.

பாட்டரி எங்கே?

மற்றக் கார்களில் முன்புற மூடியைத் திறந்தால் பாட்டரி கண்ணில் படும். எம்.ஜி.பி.யில் அப்படி இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், தரை விரிப்பின் கீழே, ஓர் இரும்பு மூடிக்கு அடியில் அது ஒளிந்திருக்கிறது.

அதுவும் ஒன்று அல்ல. இரண்டு!

பின் சக்கரங்களைச் சுழற்றும் தண்டு காரின் நடுவே போகிறது. அதன் இடப்புறம் ஒரு 6 வோல்ட் பாட்டரி. வலப்புறம் ஒரு 6 வோல்ட் பாட்டரி. இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது. 6-ம் 6-ம் சேர்ந்து 12 வோல்ட். 1974-ன் கடைசியில்தான் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, ஒரே 12 வோல்ட் பாட்டரி வைக்க ஆரம்பித்தார்கள்.

விரிப்பைத் தூக்க வேண்டும். மூடியைக் கழற்ற வேண்டும். இந்தச் சிரமத்தை யார் படுவார்கள்? ஆகவே யாரும் அதைப் பார்ப்பதில்லை. பாட்டரி உட்காரும் இரும்புத் தட்டில் மேலிருந்து திராவகம் சொட்டும். கீழிருந்து சாலைத் தண்ணீர் அடிக்கும். தட்டு துருப்பிடித்து ஓட்டை விழும். எம்.ஜி.பி. வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

காய்ந்த மாவு

பாட்டரிக்குள் என்ன நடக்கிறது? இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே 1859-ல் கண்டுபிடித்த முறைதான் இன்றும் நடக்கிறது. வரிசையாக ஈயத் தகடுகள். அவற்றைச் சுற்றி, தண்ணீர் கலந்த கந்தகத் திராவகம். வீட்டில் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பாட்டரியும் பெரும்பாலும் இதே இனம்தான்.

பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, தகடுகளின்மேல் ஒரு வெள்ளைப் பொருள் படிகிறது. அதற்கு ஈய சல்பேட் என்று பெயர். மறுபடி சார்ஜ் செய்தால் அது கரைந்து போகிறது. தகடு பழைய நிலைக்கு வருகிறது.

ஆனால் உடனே சார்ஜ் செய்ய வேண்டும். தோசைக் கல்லில் ஒட்டிய மாவை ஈரமாக இருக்கும்போதே தேய்த்தால் வந்துவிடும். இரண்டு நாள் காய விட்டால்? கரண்டி வளைந்தாலும் மாவு வராது! பாட்டரியிலும் அப்படித்தான். சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் போட்டுவிட்டால் அந்த சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுதும் நீங்காது. பாட்டரியின் பலம் குறைந்துகொண்டே போகும்.

கார் நின்றிருந்தால் சார்ஜ் எப்படி இறங்கும் என்று கேட்கலாம். பாட்டரி தானாகவே சிறிது சிறிதாக இறங்கும். வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். போதாததற்கு, காரில் பின்னால் சேர்த்த சாமான்கள் வேறு. புது ரேடியோ, திருடனைக் காட்டிக் கொடுக்கும் மணி ஆகியவை கார் நிற்கும்போதும் கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவை 20 மில்லி ஆம்பியர் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மிகவும் குறைவுதான். ஒரு நாளைக்குச் சுமார் அரை ஆம்பியர்-மணி. நூறு நாளில் சுமார் 48! பாட்டரியின் கொள்ளளவோ 50. குளிர் காலம் முடிவதற்குள் பாட்டரி காலி.

குளிர் நாடுகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சார்ஜ் முழுதும் இருக்கும்போது பாட்டரித் திராவகம் எளிதில் உறையாது. சார்ஜ் இறங்கினால் அது தண்ணீரைப் போல் ஆகிவிடும். கடுங்குளிரில் உறைந்து, பாட்டரியின் பெட்டியையே பிளந்துவிடும்.

ஐந்து நிமிட வைத்தியம்

சிலர் வாரம் ஒரு முறை ஷெட்டிலேயே காரைக் கிளப்பி, ஐந்து நிமிடம் ஓட விட்டு அணைக்கிறார்கள். பாட்டரிக்கு நன்மை செய்வதாக நினைப்பு.

உண்மையில் இது தீமை. கார் கிளம்பும்போது ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பழைய கார்களில் இருக்கும் டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் கொடுப்பதில்லை. எடுத்தது அதிகம், திருப்பியது கொஞ்சம். ஓட்டுவதானால் அரை மணி, முக்கால் மணி சாலையில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் கிளப்பாமல் இருப்பதே மேல். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டுவது மனிதருக்கே ஆபத்து என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

புதிய பாட்டரிக்குப் பணத்தை எடுக்கும் முன், பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சிறிய வோல்ட் மீட்டர் போதும்.

முழுதும் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்லது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்கு வந்தால் ஏறக்குறைய காலி. இரண்டு 6 வோல்ட் பாட்டரி உள்ள காரில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று 6.3 காட்டி, மற்றது 5.8 காட்டினால் நோயாளி யார் என்று தெரிந்துவிடும்.

பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக விழுந்தால் பாட்டரி பலவீனம். விழாமலே 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால்? பாட்டரிமேல் பழி போடக் கூடாது. கம்பியின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கலாம். எஞ்சினை உடலோடு இணைக்கும் எர்த் பட்டை அறுந்திருக்கலாம்.

இந்த எர்த் பட்டை பொல்லாதது. அது அறுந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். எஞ்சினுக்குப் போகும் சோக் கம்பி வழியாகப் பாயும். மெல்லிய கம்பி பழுக்கக் காய்ந்து புகையும். சாவியைத் திருப்பினால் சோக் கம்பி புகைகிறது! மந்திரம் போலத் தோன்றும். காரணம் சில காசு பெறாத பட்டை.

தலைகீழ் மின்சாரம்

எம்.ஜி.பி.யில் இன்னொரு விசித்திரம் உண்டு. இதில் தவறினால் பணம் மட்டும் அல்ல, ஆளுக்கே ஆபத்து.

இப்போதைய கார்களில் பாட்டரியின் நெகடிவ் முனையைக் காரின் உடலோடு சேர்த்திருப்பார்கள். 1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் பாஸிடிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருந்தது. அந்த ஆண்டின் கடைசியில்தான் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. உடலோடு சேரும் முனையும் மாறியது.

பழைய கார்களைச் சிலர் பின்னால் மாற்றியும் இருக்கிறார்கள். ஆகவே தயாரித்த ஆண்டைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. எந்த முனையின் கம்பி உடலில் திருகியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள காரில் பாட்டரியைத் தலைகீழாக மாட்டினால் அதன் உள்ளுறுப்புகள் கண நேரத்தில் கருகிவிடும்.

பக்கத்து வீட்டுக் காரின் பாட்டரியிலிருந்து கம்பி போட்டுக் கிளப்புகிறார்களே, அப்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஒரு காரின் உடல் பாஸிடிவ். மற்றதின் உடல் நெகடிவ். இரண்டு காரும் ஒன்றையொன்று தொட்டால் போதும், தீப்பொறி பறக்கும்! கம்பியின் பிடி நழுவி உடலில் பட்டாலும் அதே கதி. இத்தகைய காரைக் கம்பி போட்டுக் கிளப்பாமல், பாட்டரியைத் தனியே சார்ஜ் செய்வதே புத்திசாலித்தனம்.

கழற்றும்போது, உடலோடு சேர்ந்த கம்பியை முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரணம் உண்டு. எர்த் கம்பி கழன்றிருந்தால், கையில் உள்ள ஸ்பானர் காரின் உடலில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது. அது மாட்டியிருக்கும்போது இடித்தால், ஸ்பானரே சிவந்துவிடும். கையில் மோதிரம், கைக்கடிகாரம் வேண்டாம்.

எதை வாங்குவது?

இங்கேதான் சண்டை. "அசல் காரில் இரண்டு 6 வோல்ட். ஆகவே இரண்டு 6 வோல்ட்தான் வேண்டும்" என்பார் ஒருவர். "ஒரு 12 வோல்ட் போதாதா?" என்பார் இன்னொருவர்.

போட்டியில் பரிசு வாங்கக் காரை வைத்திருப்பவர் அசலாகவே வைத்துக்கொள்ளட்டும். அவருக்காகப் பழைய தோற்றமுள்ள கறுப்புப் பெட்டிக்குள் புதிய பாட்டரியை மறைத்துக்கூட விற்கிறார்கள். அப்படி இரண்டு போடுகிறவர் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். புதிதும் பழையதும் சேர்த்தால், நொண்டி மாட்டோடு நல்ல மாட்டைப் பூட்டிய வண்டிதான்.

குடும்பத்தோடு ஏறி உலாப் போகிறவருக்கு அது எதற்கு? ஒரு பக்கக் குழியில் அடங்கும் 12 வோல்ட் பாட்டரி ஒன்றே போதும். விலை குறைவு. நான்கு முனைகளுக்குப் பதில் இரண்டே முனைகள். பழுது வரும் இடம் பாதியாகிறது. காரைத் தயாரித்தவர்களே பின்னால் ஒன்றுக்கு மாறினார்களே! அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"பெரிய பாட்டரி போட்டால் ஸ்டார்ட்டர் எரிந்துவிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். 12 வோல்ட்டாக இருக்கும்வரை ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். ஆனால் பெரிய பாட்டரியால் பெரிய நன்மையும் இல்லை. சும்மா கிடந்தால் அதுவும் சாகும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது அளவு. அதிலும் உயரம். முனைகள் உயரமாக இருந்து மேல் இரும்பு மூடியில் பட்டால், அங்கேயே தீ! இருக்கைக்குப் பின்னால், விரிப்புக்கு அடியில் தீ என்றால் யோசித்துப் பார்க்க வேண்டும். களிமண்ணை உருட்டி முனைகளின்மேல் வைத்து மூடியை ஒரு முறை அழுத்தி எடுத்தால், இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனையின்போது கம்பிகளை மாட்டக் கூடாது. முனைகளுக்கு ரப்பர் தொப்பி போட வேண்டும். பாட்டரி ஆடாமல் பட்டையால் இறுக்க வேண்டும். கம்பி எட்டுகிறதா, பாஸிடிவ் எந்தப் பக்கம் வருகிறது என்பதையும் கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

திராவகம் சிந்தாத, அடைத்த பாட்டரிகளும் கிடைக்கின்றன. எம்.ஜி.பி. போன்ற காருக்கு இவை நல்லவை. தட்டு துருப்பிடிக்காது. ஆனால் சார்ஜ் அளவுக்கு மீறினால் இவை கெட்டுவிடும். திறந்து தண்ணீர் ஊற்றவும் முடியாது. ஆகவே எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் எத்தனை வோல்ட் என்று முன்கூட்டியே அளக்க வேண்டும். 14, 14.4 என்றால் சரி. 15-ஐத் தொட்டால், முதலில் ரெகுலேட்டரைச் சீர் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பாட்டரியும் கொதித்துப் போகும்.

லிதியம் பாட்டரி? இறகு போல இலேசாக இருக்கிறது. விலையோ கனம்! உறைபனிக் குளிரில் சார்ஜ் செய்யவும் கூடாது. அறுபது வயதுக் காரின் பழைய ரெகுலேட்டரோடு அதைச் சேர்ப்பது பொருத்தமில்லாத கல்யாணம்.

இரண்டு சாமான்கள்

முதலாவது, துண்டிக்கும் சுவிட்ச். எர்த் கம்பியில் மாட்டுவது. காரை நிறுத்தியதும் திருப்பிவிட்டால் ரேடியோவும் மணியும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்க முடியாது. எலி கம்பியைக் கடித்தாலும் தீப்பிடிக்காது.

இரண்டாவது, ஆட்டோமாடிக் சார்ஜர். பாட்டரி நிரம்பியதும் தானே அடங்கி, குறைந்தால் தானே நிரப்பும். குளிர் காலம் முழுதும் மாட்டி வைக்கலாம். பழைய காலத்துச் சாதாரண சார்ஜரை அப்படி மாட்டிவிட்டுப் போகக் கூடாது. அது நிறுத்தத் தெரியாமல் கொடுத்துக்கொண்டே இருந்து, பாட்டரித் தண்ணீரை வற்ற அடித்துவிடும்.

சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அது வெடிக்கும் வாயு. ஆகவே மூடியைத் திறந்து வைக்க வேண்டும். காற்று வர வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிடிகளை எடுக்க வேண்டும். மூடி திறக்கும் பாட்டரியானால் மாதம் ஒரு முறை பார்த்து, தகடுகள் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. திராவகமும் ஊற்றக் கூடாது. முனைகளில் பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவலாம். அந்தத் தண்ணீர் பாட்டரிக்குள் போகக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம்.

பழையதை என்ன செய்வது?

மாற்றிய பாட்டரியை ஷெட்டின் மூலையில் போட்டு வைப்பவர்கள் பலர். "எதற்காவது உதவும்" என்ற எண்ணம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் திராவகமும் ஈயமும்! ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். இவ்வளவு உடலில் சேர்ந்தால் கெடுதல் இல்லை என்று சொல்லும்படியான அளவே அதற்குக் கிடையாது.

புதியதை வாங்கும்போதே பழையதைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம். ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் அவர் மறுக்க மாட்டார். முறையான ஆலைக்குப் போனால் அந்த ஈயத்தை உருக்கி, மறுபடியும் பாட்டரித் தகடாக வார்த்துவிடுவார்கள்.